காற்றும் கரையும்: மீனவர் நாள்காட்டி குறித்து ஒரு குறிப்பு

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்னும் பழமொழி நெற்களத்துக்கு உரியது. கடலோர மக்களின் காற்றறிவைத் தேடுவோர் காற்றுப் பெயர்களையும் நோக்க வேண்டும். நிகண்டுகள் வாடை, தென்றல், கொண்டல், கோடை எனத் திசைக்கொரு பெயர் தருகின்றன. மீனவர் வழக்கில் தென்காற்று சோழகம்; மேல்காற்று கச்சான். அப்பெயர்கள் திசையோடு பருவத்தையும் உணர்த்துவன.

எனினும் காற்றின் பயனை முடிவு செய்வது கரையே. தென்மேற்குப் பருவக்காற்று சோழமண்டலக் கரையில் நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசுகிறது. மும்பையிலோ கடலிலிருந்து கரைமீது மோதுகிறது. ஆகவே, தேவ்நாரை அடுத்த டிராம்பே, மாகுல் பகுதிகளில் வாழும் கோளி மீனவரிடையே, மழைக்காலத்தில் படகைக் கரையேற்றி, நாரளி பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் படைத்த பின்னரே தொழிலுக்கு இறங்கும் மரபு நிலைத்தது.

இன்றைய மீன்பிடித் தடைக்காலம் இரு கரைகளிலும் 61 நாள்: கிழக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன்வளப் பாதுகாப்பே இதன் முதன்மை நோக்கம். 2024இல் நாரளி பௌர்ணமி வந்ததோ ஆகஸ்ட் 19 அன்று. காற்று முற்றும் அடங்காத அந்த இடைவெளியில் மரபைக் காப்பவர் வருவாயை இழக்கிறார். முந்திச் செல்பவர் கொந்தளிப்பை எதிர்கொள்கிறார். மீனவர் நாள்காட்டியைச் சடங்கு என ஒதுக்காது, தலைமுறைகளின் வானிலைப் பதிவாகவும் வாசிப்பது நம் கடமை.