தாத்தா காலத்துக் காடா அது?



பங்காளிகள் பேரில் கூட்டுப் பட்டாவில் கிடக்கும் பூர்வீகப் புஞ்சை ஒன்று உங்களுக்கும் இருக்கலாம். "தாத்தா காலத்துக் காடு, தொட வேண்டாம்" என்பார் ஒரு பங்காளி. "பொக்லைன் விட்டு மொத்தமாக வழித்துவிடலாம்" என்பார் இன்னொருவர். முடிவெடுக்குமுன், அந்தக் காடு எப்படி வந்தது என்று பாருங்கள்.

நம் பக்கத்து முள்காட்டில் பெரும்பகுதி சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்து மரம். 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் வனத்துறையினர் நட்டார்கள். வறண்ட மண்ணிலும் விறகு தரும் என்பதே காரணம். விடுதலைக்குப் பின் தென்மாவட்டங்களிலும் விறகுக்காக அது பரப்பப்பட்டது. குடும்பங்கள் வெளியூர் போக, உழவு நின்றது. காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தோடு விதை வந்து விழுந்தது. யாரும் வளர்க்காமலே காடு வளர்ந்தது.

அதைத் தீமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இம்மரத்தை அகற்ற உத்தரவிட்டது. அதே ஆண்டில் அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் தமிழக அரசு வெளியிட்ட கொள்கை, அயல் தாவரங்களை அகற்றுவதோடு இயற்கைச் சூழலை மீட்பதையும் சேர்த்தே பேசுகிறது.

நமக்கும் அதுவே வழி. கரிக்காரருக்குக் குத்தகை விட்டால் பணம் வரும். ஆனால் அடிக்கட்டை மறுபடி தழைக்கும். வேரோடு தோண்டினாலும் மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு முளைக்கும். சில ஆண்டுகளுக்குக் கன்றுகளைப் பிடுங்க ஆள் வேண்டும். ஆகவே, பராமரிக்க முடிகிற அளவு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் எடுங்கள். எடுத்த இடத்தில் நாட்டு மரம் வையுங்கள்.

அதற்கும் முன், விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரோடு உள்ளே நடந்து பாருங்கள். வன்னி, நாட்டுக்கருவேலம், வேம்பு, இலுப்பை, உலக்கைப்பாலை இருந்தால் சுண்ணாம்பு அடித்து அடையாளம் வையுங்கள். தாத்தா காலத்து மரம் என்று ஏதாவது இருந்தால் அவைதான். பொக்லைனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

வெட்டுக்கூலி யார் தருவது, கரிப் பணம் யாருக்கு என்பதைப் பங்காளிகள் எல்லாரும் முதலிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். வேலையை அதன்பின் தொடங்கலாம்.