ஒரு மணி நேரம் கேட்ட தளபதி

1965 செப்டம்பர் 1, பிற்பகல். ஜம்முவின் சம்ப் பகுதிக்குள் புகுந்த பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் அக்னூர் பாலத்தைக் குறிவைத்து வந்துகொண்டிருந்தன. பாலம் கைமாறினால் ஜம்முவின் மேற்குப் பகுதியில் நிற்கும் இந்தியப் படை துண்டிக்கப்பட்டுவிடும். விமானப்படையை இறக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பாதுகாப்பு அமைச்சர் ஒய்.பி. சவாண் கேட்டார். ஒரு மணி நேரம் என்றார் விமானப்படைத் தலைவர் ஏர் மார்ஷல் அர்ஜன் சிங். அந்த ஒரு மணி நேரம் முடியும் முன்பே பதான்கோட்டிலிருந்து விமானங்கள் கிளம்பிவிட்டன.

கதையைப் பலரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். முதலில் கிளம்பியவை வேம்பயர்கள். 1943-லேயே பறக்கத் தொடங்கிய பழைய வகை ஜெட்டுகள். எதிரே வந்த பாகிஸ்தானின் சேபர் ஜெட்டுகளுக்கு அவை ஈடாகவே இல்லை. போன 12 வேம்பயர்களில் 4 திரும்பவில்லை. குழப்பத்தில் சொந்தத் தரைப்படை மீதும் குண்டு விழுந்தது. டாங்கிகளின் வேகம் மட்டுப்பட்டது உண்மை. ஆனால் விலை அதிகம். அதன்பின் வேம்பயர்களை முன்னணிப் போரிலிருந்து விலக்கிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் அந்த ஏப்ரலில்தான் இரு நாடுகளுக்கும் இடையே நடந்த கட்ச் எல்லை மோதலின்போது பாகிஸ்தான் விமானப்படைத் தலைவர் அஸ்கர் கான் அர்ஜன் சிங்கைத் தொலைபேசியில் அழைத்திருந்தார். விமானங்களை இதில் இழுக்க வேண்டாம் என்று இருவரும் பேசி முடித்தார்கள். பிரிவினைக்கு முன் ஒரே படையில் இருந்தவர்கள் அல்லவா!

அர்ஜன் சிங் பிறந்ததே இன்றைய பாகிஸ்தானின் லயல்பூரில், 1919-இல். பிரிட்டனின் கிரான்வெல்லில் பயிற்சி முடித்து, வடமேற்கு எல்லையில் இரட்டைச் சிறகு விமானம் ஓட்டினார். ஒருமுறை பழங்குடியினர் சுட்டதில் விமானம் தரையில் விழுந்தது. பின்னிருக்கை வீரர் பதற்றத்தில் சுட்டவர்கள் பக்கமே ஓட, அர்ஜன் சிங் துரத்திப் போய் அவரைத் திருப்பி அழைத்து வந்தார். 1944-இல் இம்பாலில் ஹரிகேன் விமானங்களோடு முதலாம் ஸ்குவாட்ரனை நடத்தினார். மவுன்ட்பேட்டன் அவருக்குப் பதக்கம் குத்தினார். 45 வயதில் விமானப்படைத் தலைவர். 1966-இல் நாட்டின் முதல் ஏர் சீஃப் மார்ஷல்.

50 வயதில் ஓய்வு. பிறகு ஸ்விட்சர்லாந்தில் தூதர், டெல்லியில் துணைநிலை ஆளுநர். 2002-இல் ஐந்து நட்சத்திர மார்ஷல் பட்டம். விமானப்படையில் அதைப் பெற்றவர் அவர் ஒருவரே. அப்துல் கலாமின் உடல் 2015-இல் டெல்லியின் பாலம் விமானதளத்துக்கு வந்தபோது, சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சல்யூட் வைத்த 96 வயது முதியவர் இவர்தான். தன் பண்ணை நிலத்தை விற்று, ஓய்வுபெற்ற விமானப்படையினருக்காக 2 கோடி ரூபாயில் அறக்கட்டளை வைத்தவரும் இவரே.