சுனை காத்த கோட்டைகள்: பாராமகாலில் ஒரு குறைந்த செலவு மலைநடை

மலையேற முதுகுல பையை மாட்டினதும் நாம கேக்குற முதல் கேள்வி, “தண்ணி எவ்வளவு எடுத்துக்கணும்?” 250 வருஷத்துக்கு முன்னாடி கிருஷ்ணகிரிப் பக்கம் நடந்த போர்கள்லயும் இது பெரிய கேள்விதான்.

ஊத்தங்கரையில பஸ் ஏறி, கிருஷ்ணகிரி வழியா ஓசூர் வரைக்கும் ஜன்னலோரமா உக்காந்து வாங்க. சமதரையில திடீர்னு மொட்டைப் பாறை மலைகள் எழும்பும். சிலதோட தலையில கோட்டைச் சுவர் தெரியும். இந்தப் பகுதிக்குப் பழைய பேர் பாராமகால். பன்னிரண்டு கோட்டைகள்னு அர்த்தம் சொல்வாங்க. எந்தப் பன்னிரண்டுங்கிறது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். மைசூர் பீடபூமியிலிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்குற வாசல் இது. அதனால ஹைதர் அலிக்கும் இது வேணும், கிழக்கிந்திய கம்பெனிக்கும் வேணும்.

1767-ல கம்பெனிப் படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மேல பாய்ஞ்சது, தோத்துப்போச்சு. முற்றுகைக்குப் பிறகு 1768-லதான் கோட்டை பணிஞ்சது. ஏன் அப்படி? செங்குத்துப் பாறையில பீரங்கியை ஏத்துறது லேசுல ஆகாது. மேல இருக்கிறவங்களுக்கோ பாறைச் சுனையில மழைத்தண்ணி இருக்கு. ஆனா மழை தண்ணி தரும், அரிசி தராது. முற்றுகையோட பலமே அதுதான்.

கிருஷ்ணகிரி மறுபடியும் மைசூர் கைக்குப் போச்சு. அடுத்து திப்பு காலம். 1791 ஜூலையில ராயக்கோட்டை விழுந்துச்சு. அதே நவம்பர்ல மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரியைத் தாக்கினார். கீழ்க்கோட்டை கிடைச்சது, மேல்கோட்டையை நெருங்க முடியல. கடைசியில 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில பாராமகால் மொத்தமும் கம்பெனிக்குப் போச்சு. ஏணி வெச்சு ஏறமுடியாத கோட்டை, ஒரு கையெழுத்துல கைமாறிடுச்சு.

கோட்டைக்கு அப்புறம் கணக்கு வந்துச்சு. கர்னல் ரீடும் அவரோட உதவியாளர் தாமஸ் மன்றோவும் 1792லிருந்து 1799 வரைக்கும் இங்க நிலத்தை அளந்து, தீர்வை போட்டாங்க. விவசாயிகிட்டயே நேரா வரி வாங்குற ரயத்துவாரி முறை உருவானது இந்தச் செம்மண்லதான். பின்னாடி மன்றோ மதராஸ் கவர்னர் ஆனதும் அது மாகாணத்தோட பெரும்பகுதிக்குப் பரவுச்சு.

ஜப்பான் மலைகளுக்குப் போகக் காசு சேர்க்கிறீங்களா? சேருங்க, நல்லது. அதுவரைக்கும் பஸ் டிக்கெட், கட்டுச்சோறு, ரெண்டு பாட்டில் தண்ணி போதும். பெங்களூரு பக்கம் இருந்தா ராயக்கோட்டைக்கு ரயிலே இருக்கு. வெயில் ஏறுறதுக்குள்ள ஏறி இறங்கிடுங்க, பாறை கொதிக்கும்.

ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி ரெண்டும் மத்தியத் தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கு. ஆனா மேல போறவங்க சுனைக்குள்ள பாட்டிலை வீசுறாங்க, சுவர்ல பேரைக் கீறுறாங்க. இதைக் காவலாளி ஒருத்தரால தடுக்கமுடியாது. சுத்தியிருக்கிற சின்ன மலைகளுக்கு அந்தக் காவலும் இல்ல. இது கிரானைட் பூமி. இங்க பாறைக்கு விலை உண்டு. ஒரு மலையை உடைக்கணும்னு பேச்சு வரும்போது, “அங்க ஒரு கோட்டை இருக்கு”ன்னு சொல்ல ஊர்ல நாலு பேராவது வேணும். ஏறிப் பார்த்தவங்கதான் அதைச் சொல்ல முடியும்.

காலிப் பாட்டிலைக் கீழ கொண்டுவந்துடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.