திருப்பாலைத்துறை நெற்களஞ்சியம்

திருப்பாலைத்துறை நெற்களஞ்சியம் என்பது தமிழ்நாட்டின் தஞ்சாவூர் மாவட்டத்தில், பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயில் வளாகத்தினுள் அமைந்துள்ள, செங்கல்லால் கட்டப்பட்ட பழமையான தானியச் சேமிப்புக் கட்டடம் ஆகும். தஞ்சை நாயக்கர் காலத்தைச் சேர்ந்த இக்களஞ்சியம் சுமார் 3000 கலம் நெல்லைச் சேமிக்கக்கூடியது எனக் கூறப்படுகிறது. இது தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னங்களுள் ஒன்றாகும்.

அமைவிடம்

திருப்பாலைத்துறை, கும்பகோணம் – தஞ்சாவூர் சாலையில் பாபநாசத்திற்கு அருகில் உள்ளது. இங்குள்ள சிவன் கோயில் திருநாவுக்கரசரால் பாடல் பெற்ற காவிரித் தென்கரைத் தலமாகும்.

வரலாறு

இக்களஞ்சியம் 1600க்கும் 1634க்கும் இடைப்பட்ட காலத்தில் கட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது. இது தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரின் ஆட்சிக்காலம் ஆகும்.

அக்காலத்தில் கோயில்களின் வருவாய் பெரும்பாலும் நிலத்திலிருந்தே வந்தது. கோயில்களுக்கு நிலம் கொடையளிக்கப்பட்டதைத் தமிழகமெங்கும் கல்வெட்டுகள் பதிவு செய்துள்ளன. புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலை சிகாநாதசுவாமி கோயில் கல்வெட்டுகளும் அவற்றுள் அடங்கும். நிலத்தின் விளைச்சலில் கோயிலுக்குரிய பங்கு நெல்லாகவே வந்து சேர்ந்தது. நாள் பூசைக்கான அமுதுபடி, திருவிழாச் செலவு, பணியாளர்களுக்கான படி ஆகியவை அந்நெல்லைக் கொண்டே நடந்தன. ஆண்டில் ஓரிரு முறை மட்டுமே அறுவடையாகும் நெல்லை ஆண்டு முழுவதும் கெடாமல் காப்பது கோயில் நிருவாகத்தின் இன்றியமையாத பணியாக இருந்தது.

கட்டமைப்பு

களஞ்சியம் வட்ட வடிவமானது. இதன் உயரம் சுமார் 36 அடி. சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்டுள்ளன. கூரை மேல்நோக்கிக் குவிந்து முடிகிறது. நெல்லைக் கொட்டவும் எடுக்கவும் வெவ்வேறு உயரங்களில் திறப்புகள் உள்ளன.

கட்டுமானப் பொருள்

காவிரிப் படுகை வண்டல் நிலம் ஆதலால் இங்குக் கட்டடக் கல் கிடைப்பதில்லை. குடுமியான்மலை போன்ற பாறைப் பகுதிகளில் குன்றையே குடைந்து கோயில் அமைக்க முடிந்தது. படுகையிலோ கருங்கல்லைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. செங்கல்லுக்கு ஏற்ற மண் மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

வட்ட வடிவத்தின் பயன்கள்

* ஒரே நீளமுள்ள சுவரைக் கொண்டு அடைக்கக்கூடிய பரப்புகளுள் வட்டமே பெரியது. ஆகவே குறைந்த செங்கல்லில் அதிக நெல்லைச் சேமிக்கலாம்.
* குவிக்கப்பட்ட நெல் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். நேர்ச்சுவர் இதனால் வெளிப்புறமாக வளையும். மூலைகளில் விரிசல் காணும். வட்டச் சுவரில் இத்தள்ளுவிசை சுற்றிலும் சீராகப் பரவுகிறது. எஞ்சும் இழுவிசையைச் சுவரின் தடிப்பு ஈடுசெய்கிறது.
* நெல்மணிகளுக்கும் சுவருக்கும் இடையிலான உராய்வினால் நெல்லின் எடையில் ஒரு பகுதியைச் சுவரே தாங்குகிறது. இதனால் ஆழம் கூடும் அளவுக்கு அழுத்தம் கூடுவதில்லை. இவ்விளைவை 1895இல் செருமானியப் பொறியாளர் யான்சென் கணித முறையில் விளக்கினார். களஞ்சியம் கட்டியவர்கள் இதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முற்பட்டவர்கள்.
* குவிந்த கூரையில் மழைநீர் தேங்குவதில்லை.

நெல்லின் ஈரப்பதம் சுமார் 14 விழுக்காட்டுக்கு மேற்பட்டால் பூஞ்சையும் பூச்சியும் பெருகும். எனவே நன்கு உலர்த்திய நெல்லையே களஞ்சியத்தில் இட வேண்டும். தடித்த செங்கற்சுவர் வெளி வெப்பம் விரைவாக உட்புகாமல் தடுக்கிறது.

கொள்ளளவு

பழைய தமிழ் முகத்தலளவையில் 8 படி ஒரு மரக்கால். 12 மரக்கால் ஒரு கலம். இதன்படி 3000 கலம் என்பது 36,000 மரக்கால், அதாவது 2,88,000 படி ஆகும். எனினும் படியின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டதால் இதனைத் துல்லியமாகக் கிலோகிராமில் கூற இயலாது.

ஒப்பிடத்தக்க கட்டடங்கள்

* திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலில் வட்ட வடிவிலான ஐந்து பெரிய நெற்களஞ்சியங்கள் உள்ளன. இப்பகுதி கொட்டாரம் எனப்படுகிறது.
* செஞ்சிக்கோட்டையில் வளைகூரை கொண்ட பெரிய களஞ்சியங்கள் உள்ளன. இவை முற்றுகைக் காலத் தேவைக்கானவை.
* பாட்னாவில் உள்ள கோல்கர், 1770ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தை அடுத்து ஆங்கிலேயரால் திட்டமிடப்பட்டு 1786இல் கட்டி முடிக்கப்பட்டது. 29 மீட்டர் உயரமுள்ள இக்குவிமாடம் ஒருபோதும் முழுமையாக நிரப்பப்படவில்லை.
* இங்கிலாந்தின் பழைய பண்ணை முற்றங்களைச் சுற்றியுள்ள செங்கற் களஞ்சியங்கள் பெரும்பாலும் நீள்சதுரமானவை. காற்றோட்டத்திற்காகச் சுவரில் செங்கற்களை விட்டுவிட்டுத் துளைகள் அமைப்பது அங்கு வழக்கம்.

இன்றைய நிலை

இக்களஞ்சியத்தில் இன்று நெல் சேமிக்கப்படுவதில்லை. இத்தகைய கட்டடங்களைப் பழுதுபார்க்கையில் சிமெந்துப் பூச்சைத் தவிர்ப்பது அவசியம். சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியேற விடும். சிமெந்து அதனை உள்ளேயே அடைத்துச் செங்கல்லை அரிக்கச் செய்யும். விரிசல்களில் வேரூன்றும் ஆல், அரசு போன்ற மரக்கன்றுகளும் செங்கற் கட்டடங்களுக்குப் பெருங்கேடு விளைவிப்பவை.

காவிரிப் படுகையில் கொள்முதல் செய்யப்பட்ட நெல் மூட்டைகள் திறந்தவெளியில் மழையில் நனைவது அண்மைக்காலத்திலும் தொடரும் சிக்கலாகும். நெல்லை விளைவிப்பதோடு அதைக் காப்பதற்கும் இப்பகுதி மக்கள் தந்த முதன்மைக்கு இக்களஞ்சியம் சான்றாக உள்ளது.