இலயத்துப் பின்புறக் கீரைப் பாத்தி

மலாயாவின் தோட்டத்துறை வரலாறு பெரும்பாலும் இரப்பரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 கன்றுகளின் கதையும், விலை ஏறி இறங்கிய கதையும், குழுமங்களின் ஆதாயக் கணக்கும் செம்மையாகப் பதிவு பெற்றுள்ளன. பால்மரம் சீவிய குடும்பங்கள் எதனை உண்டு உயிர் வளர்த்தன என்னும் செய்தியோ ஆங்காங்கே ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகிறது. இலயத்தின் பின்புறம், அடுக்களை வாயிலுக்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் இடையே கிடந்த கீரைப் பாத்தியை வரலாற்றாசிரியர் எவரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அதுவும் ஒரு நிலவுடைமை வரலாறே. உடைமை இல்லாதார் ஆண்ட நிலத்தின் வரலாறு அது.

தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து கங்காணி வழியாகக் கப்பலேறியவருள் மிகப் பலர் தம் ஊரில் பிறர் நிலத்தில் உழைத்தவர். மண்ணின் குணம் அறிந்திருந்தனர்; மண் அவர்களுக்கு உரியதாக இருந்ததில்லை. இங்கு வந்த பின்னரும் அந்நிலை மாறவில்லை. எனினும் பெரட்டுக்குப் போய், பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் பெண், பிற்பகலில் மண்வெட்டியைக் கையில் எடுத்தபோது அவளுக்கு ஏவல் இடுவார் இல்லை. எதை விதைப்பது, எப்போது பறிப்பது, அண்டை வீட்டாருக்கு எத்தனை பிடி கொடுப்பது என்பனவெல்லாம் அவள் முடிவுகள். துரையின் கணக்கேட்டிலும் கிராணியின் செக்ரோலிலும் ஏறாத உழைப்பு அஃது ஒன்றே.

ஊரில் கற்ற பயிர்த்தொழிலை அப்படியே இங்குச் செய்ய இயலவில்லை. மழை அரிதாகிய தமிழகப் புன்செய்ப் பகுதிகளில் பாத்தி என்பது சுற்றிலும் வரப்பு உயர்ந்து, நடுவிடம் தாழ்ந்து, இறைத்த நீரைத் தேக்கிக் கொள்வது. ஆண்டு முழுதும் மழை கொட்டும் மலாயாவில் அவ்வாறு பாத்தி பிடித்தால், கடுகினும் சிறிய கீரை விதை ஒரே மழையில் மிதந்து போகும். முளைத்த நாற்றும் வேரழுகிச் சாயும். சீனத் தோட்டக்காரர் மண்ணை மேடாகக் கூட்டி, இருபுறமும் வடிகால் விட்டுக் காய்கறி பயிரிட்டனர். தமிழர் இலயங்களிலும் அம்மேட்டுப் பாத்தியே நிலைத்தது. விதையை மணலுடன் கலந்து தூவுதலும், எறும்பு கொண்டு போகாதிருக்கச் சாம்பல் இடுதலும், மாட்டுத் தொழுவத்து எருவைக் குப்பையில் மக்கவைத்துப் போடுதலும் தாயகத்து முறைகள். இரு நாட்டு அறிவும் ஒரு பாத்தியில் கலந்தன எனலாம்.

கீரை வகைகளிலும் இக்கலப்பினைக் காணலாம். தண்டுக்கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, வேலியோரத்து முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை ஆகியன தமிழர் அடுக்களை அறிந்தவை. மலாய் அண்டையாரைப் பார்த்துச் சக்கூர் மானிசையும் மரவள்ளிக் கொழுந்தையும் சட்டியில் ஏற்றினர். ஊரில் வள்ளை என வழங்கிய நீர்க்கொடி இங்குக் கங்கோங் என்னும் பெயரில் எதிர்ப்பட்டது.

சட்டம் இப்பாத்தியை முற்றிலும் மறந்துவிடவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததைப் பலரும் அறிவர். குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்னும் விதியும் மலாயாத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது என்பதைச் சிலரே அறிவர். எழுத்தில் இருந்த அளவிற்கு அது எல்லாத் தோட்டங்களிலும் நடைமுறையில் இல்லை. நடைமுறையில் இருந்த இடத்திலும் அது உரிமை ஆகவில்லை. வேலை போயின் வீடு போகும். வீடு போயின் பாத்தியும் போகும்.

1929ஆம் ஆண்டில் தொடங்கிய உலகப் பொருளியல் வீழ்ச்சி இதனைத் தெளிவாகக் காட்டிற்று. இரப்பர் விலை சரிந்ததும் 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். குறைந்த கூலிக்கு இங்கேயே தங்கியவர்களுக்குக் கறிச்செலவை மிச்சப்படுத்தியது கொல்லைக் கீரை. அதுவே கூலிக் குறைப்பைத் தாங்கும்படியும் செய்தது என்பதை மறைத்தலாகாது. தொழிலாளி தன் ஓய்வு நேரத்தில் விளைத்த உணவு, முதலாளியின் செலவையும் ஒரு வகையில் குறைத்தது.

ஆயினும் பாத்தியின் உண்மைப் பயன் வெளிப்பட்ட காலம் சப்பானியர் காலமே. போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து பெற்றுவந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்த பின் அவ்வழி அடைபட்டது. பங்கீட்டு அரிசி நாளுக்கு நாள் குறைந்தது. வாழைமரம் அச்சிட்ட சப்பானியத் தாள்கள் மதிப்பிழந்தன. உணவுப்பயிர் பெருக்குமாறு ஆட்சியாளர் ஆணையிட்டனர். பள்ளித் திடல்களும் கொத்தப்பட்டன. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கேழ்வரகும் சோற்றின் இடத்தைப் பிடித்தன.

ஈண்டு ஒரு பழைய செய்தியை நினைவிற் கொள்ளுதல் தகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் சீனத் தொழிலாளரை வாட்டியபோது தமிழரை அத்துணை தாக்கவில்லை. காரணம் தேடிய மருத்துவர்கள், தமிழர் உண்ட புழுங்கலரிசியில் தவிட்டின் சத்து எஞ்சி நிற்பதே அவர்களைக் காத்தது என்று கண்டனர். பிரேசர், ஸ்டாண்டன் ஆகியோர் நெகிரி செம்பிலானில் சாலைத் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வு உலகப் புகழ் பெற்றது. அந்தப் புழுங்கலரிசிக் காப்பு போரின்போது தமிழரை விட்டு நீங்கிற்று. மரவள்ளிக் கிழங்கு வயிற்றை நிரப்பும். அது பெரும்பாலும் மாவே. காலில் வீக்கமும் ஆறாத புண்ணும் இலயந்தோறும் கண்ட காட்சிகள். அந்நாளில் ஒரு குழந்தைக்குச் சிறிதளவேனும் சத்து கிடைத்ததென்றால், அது முருங்கையிலும் தண்டுக்கீரையிலும் மரவள்ளிக் கொழுந்திலும் கிடைத்ததே. அக்கொழுந்தையும் நன்றாக வேகவைத்து நீரை வடித்த பின்னரே உண்ணலாம். அரைவேக்காட்டில் அது நஞ்சு.

பாத்தியைக் கொத்த ஆண்கள் எங்கே? பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தனர். 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையின் ஓரங்களில் அவர்களுள் எண்ணற்றோர் காலராவிற்கும் மலேரியாவிற்கும் பட்டினிக்கும் இரையாயினர். தோட்டத்தில் எஞ்சியவர் பெண்களும் முதியவரும் சிறுவருமே. மரண ரயிலின் வரலாறு தாமதமாகவேனும் எழுதப்பட்டு வருகிறது. அதே மூன்றரை ஆண்டுகளில் இலயத்துப் பின்புறத்தில் மண் கொத்திப் பிள்ளைகளை உயிரோடு வைத்திருந்த பெண்களின் வரலாறு அதன் மறுபாதி. அது பேரப்பிள்ளைகள் கேட்டால் மட்டும் வெளிவரும் பேச்சாகவே பெரிதும் நின்றுவிட்டது.

1948இல் அவசரகாலம் பிறந்தது. கம்யூனிஸ்டுப் படையினருக்கு உணவு சென்று சேரலாகாது என்னும் நோக்கில் தோட்டக் குடியிருப்புகள் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. வேலிக்கு வெளியே அகப்பட்ட பாத்திகள் கைவிடப்பட்டன. மூன்றாண்டுகளுக்கு முன் உயிர் காத்த கீரை, இப்போது ஐயத்திற்குரிய பொருளாயிற்று!

நாடு விடுதலை பெற்றபின், துன் அப்துல் ரசாக் ஆட்சியில் 1974இல் தொடங்கிய பச்சைப் புத்தகத் திட்டம், வீட்டைச் சூழ்ந்த நிலத்தில் காய்கறி பயிரிட மக்களை ஊக்குவித்தது. இலயத்துப் பெண்களுக்கு அதில் புதிதாகக் கற்க வேண்டியது அதிகம் இருந்திராது. நிலந்தான் நிலைக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் நெடுஞ்சாலைக்கும் மாறின. இலயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் பல மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன.

அடுக்குமாடித் தாழ்வாரங்களில் இன்று பழைய வாளிகளிலும் மெத்துப் பெட்டிகளிலும் முளைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் வளர்கின்றன. அங்கு மழை நேராக விழுவதில்லை. வெயிலும் காற்றும் மண்ணை விரைவில் உலர்த்திவிடுகின்றன. ஆகவே வாளியில் மண்ணை விளிம்பு வரை நிரப்பாமல், ஊற்றும் நீர் தேங்கி இறங்க இரண்டு விரல் ஆழம் தாழ விடுகிறார்கள். தஞ்சையிலும் சேலத்திலும் வரப்பு உயர்த்திப் பிடித்த பாத்தியின் அமைப்பும் அதுவே.