பி.டி. பீரியடும் ஒரு முக்கோணமும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் சாயங்காலமானா பசங்க வலை கட்டி ஆடுற வாலிபால், 1895-இல் அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ.வில் பிறந்தது. அறிவும் ஆன்மாவும் மட்டுமல்ல, உடம்பும் கடவுள் தந்ததே என்பது அந்தக் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் எண்ணம். 1891-இல் லூதர் குலிக் அதை ஒரு முக்கோணமாக்கினார். அவர் ஆசிரியராக இருந்த ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கும் அவரே மேலாளர். ஆனா என் கணக்கில் பெரிய சாதனை வேறு: பி.டி. மாஸ்டர் வேலைக்கும் முறையான படிப்பு வேண்டும் என்று இங்கே நிலைநாட்டியது.

நான் கட்டுமானப் பொறியாளன். முக்கோணச் சட்டத்தில் ஒரு கம்பியைக் கழற்றினா மற்ற ரெண்டும் ஆடிப்போகும். தேர்வு நெருங்கினா பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கிறார். எந்தப் பெற்றோரும் ஏன்னு கேட்பதில்லை.