ஆர்மோனியம் முதல் கீபோர்டு வரை

தோட்டக் கோயில் பஜனை என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆர்மோனியப் பெட்டிதான். இன்றோ கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கல்யாண மண்டபங்களில் மின்சாரக் கீபோர்டு ஒலிக்கிறது. "இயந்திரம் வந்தது, இசை போயிற்று" என்று பெரியவர்கள் சிலர் வருந்துகிறார்கள். இந்த வருத்தம் புதியதா? வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

ஆர்மோனியமும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். 1840-களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் டெபேன் என்பவர் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். காலால் துருத்தியை மிதித்து வாசிக்கும் கருவி அது. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ், தரையில் அமர்ந்து கையால் துருத்தியை இயக்கும்படி அதை மாற்றியமைத்தார். தமிழ் நாடக மேடைக்கு அது இன்றியமையாத துணையாயிற்று. ஆயினும் 1940-இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை விதித்தது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே நெளியும் கமகம் அதில் பேசாது என்பது முக்கியக் குற்றச்சாட்டு. 1971-இல்தான் தடை தளர்ந்தது.

அதே குறை கீபோர்டுக்கும் உண்டு. 1980-இல் காசியோடோன் 201 வெளிவந்தது. இடக்கையால் சுரக்கூட்டை அழுத்தினால் தாளமும் துணையிசையும் தாமே ஒலிக்கும் கருவிகள் பெருகின. பின்னர், ஒருவர் ஒலிவாங்கியில் பாடினால் துணைக்குரல்களையும் சேர்த்துத் தரும் கருவிகளும் வந்தன. அக்குரல்கள் எந்தச் சுரத்தில் நிற்பது என்பதை இடக்கைதான் சொல்கிறது. இங்கேதான் கவனம் வேண்டும்.

மோகன ராகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ச, ரி, க, ப, த என ஐந்தே சுரங்கள். ச-க-ப என்று பிடித்தால் மூன்றும் ராகத்துக்குள் அடங்கும். த-ச-க என்றாலும் அப்படியே. ப-நி-ரி என்று பிடித்தாலோ, மோகனத்தில் இல்லாத நிஷாதம் துணைக்குரலில் நுழைந்துவிடும். பாடுபவர் பிழையின்றிப் பாடினாலும் ராகம் கலைந்துபோகும். கமகத்துக்கும் ஓரளவு வழி உண்டு. பல கருவிகளில் இடப்பக்கம் உள்ள சிறு சக்கரத்தை அசைத்தால் சுரம் வழுக்கி நகரும். தாளமும் பாட்டுக்கேற்ப அமைய வேண்டும். மூன்றெண்ணிக்கைப் பாட்டுக்கு நான்கெண்ணிக்கைத் தாளத்தை ஓடவிட்டால் இரண்டும் ஒட்டா.

ஆகவே, கருவியைப் பழித்துப் பயனில்லை. வாசிப்பவருக்கு ராகம் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்கு வந்த குடும்பங்கள் நம்மிடையே பல. கூடிப் பாடும் வழக்கம் அந்த மாற்றத்தில் தொலைந்துவிடக் கூடாது. கடையில் கீபோர்டு வாங்கித் தருமுன், பிள்ளையைப் பாட்டியின் அருகே உட்காரவைத்து நான்கு பாட்டுப் பாடச் சொல்வோம். துணைக்குரல் பிறகு வரட்டும். முதற்குரல் நம் வீட்டிலிருந்தே வரவேண்டும்.